பதிவு பெற்ற சமூகப் பணியாளர்களுக்கான தொடர் பயிற்சி: தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டர்பன், சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டோங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் முதலிய ஊர்களில் பணிபுரியும் சமூகப் பணியாளர்களையும், தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ பட்டத்துடன் இங்கு வந்து சேர்ந்தவர்களையும், முதியோர் இல்லங்களையும் குழந்தைக் காப்பகங்களையும் நடத்தும் சங்கங்களின் செயற்குழுவினரையும் மனத்தில் வைத்து இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. கேள்விகள் பயிற்சி வகுப்புகளின் இடைவேளைகளிலும் சங்கக் கூட்டங்களிலும் திரும்பத் திரும்ப எழுபவை.

நான்கு ஆண்டுகள் படித்துப் பட்டம் பெற்று, பதிவும் செய்துகொண்டேன். இதற்கு மேலும் பயிற்சி எதற்கு?

நீங்கள் கல்லூரியில் படித்த சட்டம் இன்று நடப்பில் உள்ள சட்டமாக இல்லாமல் இருக்கலாம் என்பதே முதற்காரணம். 2005-ஆம் ஆண்டின் 38-ஆம் எண் குழந்தைகள் சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்றுதான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இரண்டே ஆண்டுகளில், ஒரு குழந்தையைக் குடும்பத்திலிருந்து அவசரமாக அகற்றுவது தொடர்பான அதன் 151, 152 ஆகிய பிரிவுகளில் குறை இருப்பதாக அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அகற்றிய பிறகு அந்த முடிவை நீதிமன்றம் தானாகவே மறுபரிசீலனை செய்ய வழியில்லாமல் இருந்ததே அந்தக் குறை. அதன்பின், அகற்றப்பட்ட குழந்தையின் விவகாரம் அடுத்த நீதிமன்ற வேலைநாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும் என்பது கடமையாயிற்று. 2011-இல் பட்டம் பெற்று, அதன்பிறகு ஒரு சட்ட வகுப்பிற்கும் செல்லாத ஒருவர், வெள்ளிக்கிழமை மாலை ஒரு குழந்தையை அகற்றிவிட்டுத் சட்டம் விசாரணைக்குத் தரும் தொண்ணூறு நாள் காலம் இருக்கிறதே என்று அமைதியாக இருந்தால், அவர் குழந்தைக்கும் பெற்றோருக்கும் ஒருசேர அநீதி செய்தவராகிறார். அவருடைய அன்பிலும் உழைப்பிலும் குறையில்லை என்பது நீதிபதியின் முன் விடையாகாது.

இரண்டாவது காரணம், மக்களின் துன்பங்கள் உருமாறுகின்றன. சாட்ஸ்வொர்த்தில் 'சுகர்ஸ்' என்று அழைக்கப்படும் மலிவான ஹெராயின் கலவை 2000-களின் நடுப்பகுதியில் வீடுகளுக்குள் நுழைந்தபோது, அதுவரை குடிப்பழக்கத்தை மட்டுமே கையாண்டு பழகியிருந்த பணியாளர்கள் பலர், அதை நிறுத்தும்போது உடல் படும் விடுவிப்புத் துயரை முதன்முதலாகக் கண்டனர். பதினைந்து வயதுப் பையன் உடல்வலியில் துடிப்பதை அடம் பிடிப்பதாக எண்ணிய பெற்றோருக்கு அது என்னவென்று எடுத்துச் சொல்ல, பணியாளருக்கே முதலில் அது தெரிந்திருக்க வேண்டியிருந்தது.

இந்தப் பயிற்சி சட்டப்படி கட்டாயமா? யார் இதை வலியுறுத்துகிறார்கள்?

1978-ஆம் ஆண்டின் 110-ஆம் எண் சமூகச் சேவைத் தொழில்கள் சட்டத்தின் கீழ் அமைந்த தென்னாப்பிரிக்கச் சமூகச் சேவைத் தொழில்கள் மன்றமே இந்தத் தொழிலை ஒழுங்குபடுத்துகிறது. பிரிட்டோரியாவைத் தலைமையிடமாகக் கொண்ட இம்மன்றத்தில் பதிவு பெறாமல் யாரும் சமூகப் பணியாளராகத் தொழில் செய்யக் கூடாது; பதிவை உயிருடன் வைத்திருக்க ஆண்டுதோறும் கட்டணமும் செலுத்த வேண்டும். சமூகப் பணியாளர்கள், சமூகப் பணி உதவியாளர்கள், குழந்தை மற்றும் இளையோர் பராமரிப்புப் பணியாளர்கள் ஆகிய அனைவரும் இதே மன்றத்தின் பொறுப்பில் வருகின்றனர். தொடர் தொழில்முறை மேம்பாடு, அதாவது எல்லோரும் சுருக்கமாகச் 'சி.பி.டி.' என்று சொல்லும் ஏற்பாடு, மன்றத்தின் கொள்கையாகவே நடைமுறையில் உள்ளது. அதில் கலந்துகொண்டதற்கு அடையாளமாகப் புள்ளிகள் வழங்கப்படுகின்றன.

ஓராண்டில் எத்தனை புள்ளிகள் வேண்டும், எந்தெந்த வகையில் வேண்டும் என்பவற்றை மன்றத்தின் நடப்புக் கொள்கை ஆவணத்திலிருந்தே தெரிந்துகொள்ளுங்கள். பயிற்சி விற்கும் நிறுவனத்தின் விளம்பரத் தாளையோ, மூத்த பணியாளர் ஒருவர் தம் காலத்தில் இருந்ததை நினைவுகூர்ந்து சொல்வதையோ நம்பி ஆண்டுத் திட்டம் போட வேண்டாம். மருத்துவர்களுக்கும் உளவியலாளர்களுக்கும் வேறொரு மன்றம் உண்டு. அவர்களுக்கான புள்ளிகள் தாமாகவே உங்கள் கணக்கில் சேராது. மருத்துவமனையில் பணிபுரிவோர் இந்த இடத்தில்தான் அதிகம் ஏமாறுகின்றனர்.

எவையெல்லாம் புள்ளிக்குரிய பயிற்சியாகக் கொள்ளப்படும்?

மன்றத்தின் ஒப்புதல் பெற்ற பயிற்சியாளர்கள் நடத்தும் வகுப்புகள், பட்டறைகள், கருத்தரங்குகள் ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. இவற்றைத் தவிர ஆய்வுக் கட்டுரை எழுதுவது, பிற பணியாளர்களுக்கு வகுப்பெடுப்பது, ஒப்புதல் பெற்ற வழக்காய்வுக் குழுவில் பங்கேற்பது போன்ற தனிநபர், குழுச் செயல்பாடுகளுக்கும் கொள்கையில் இடமுண்டு. பணம் கட்டும் முன், அந்த வகுப்பிற்கு மன்றம் அளித்த ஒப்புதல் எண்ணை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 'விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்' என்று சொல்பவரிடம் வந்த பிறகு பதிவு செய்துகொள்வதாகச் சொல்லிவிடலாம். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

பயிற்சிகள் ஏராளமாக விளம்பரப்படுத்தப்படுகின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது?

நிதியாண்டு முடியும் தறுவாயில், கையில் கிடைத்த அரைநாள் வகுப்பிற்கெல்லாம் போய்ப் புள்ளிகளை நிரப்பிக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே பரவலாக உள்ளது. அவ்வாறு சேர்த்த புள்ளிகள் மன்றத்தின் கணக்கைத் தீர்க்குமே தவிர, மறுநாள் காலை உங்கள் மேசையில் திறந்து கிடக்கும் கோப்பிற்கு உதவாது. ஆகவே தேர்வு அந்தக் கோப்புகளிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது எமது உறுதியான கருத்து.

கடந்த ஆண்டு நீங்கள் கையாண்ட வழக்குகளில், எவை தேவைக்கு மேல் இழுத்தன, எந்த அறிக்கையை நீதிமன்றம் திருப்பி அனுப்பியது, எந்தக் குடும்பத்தைப் பார்க்கப் போவதைக் காரணமின்றித் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தீர்கள் என்று எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று இடங்களில் ஒரே மாதிரியான தடுமாற்றம் தென்படும். குழந்தையிடம் நேரடியாகப் பேசி அதன் விருப்பத்தை அறிவதில் தயக்கமிருக்கலாம்; குடும்ப வன்முறை வழக்கில் கணவரை எதிர்கொள்ள அச்சமிருக்கலாம்; அறிக்கையில் நேரில் கண்டதையும் ஊகித்ததையும் பிரித்தெழுதும் பழக்கம் இல்லாதிருக்கலாம். அந்தத் தடுமாற்றத்தின் பெயரே உங்களுடைய அடுத்த பயிற்சியின் தலைப்பு.

பலரும் விரும்பிச் செல்வது தங்களுக்கு ஏற்கெனவே நன்றாக வரும் துறையின் வகுப்புகளுக்குத்தான். ஆலோசனை கூறுவதில் திறமையுள்ளவர் மீண்டும் மீண்டும் ஆலோசனைப் பட்டறைக்கே போவார்; சட்ட அறிக்கை எழுதும் வகுப்பின் அறிவிப்பைக் கண்டால் மட்டும் அந்த வாரம் அவருக்கு வேலை நெருக்கடி வந்துவிடும். இது மனித இயல்பு. ஆயினும் மேற்பார்வையாளர் இதைக் கவனிக்காமல் விடக் கூடாது.

வகுப்பு முடிந்த பின் என்ன செய்கிறீர்கள் என்பதும் தேர்வின் பகுதியே. கற்ற ஒன்றை ஒரு மாதத்திற்குள் ஒரு வழக்கிலேனும் செய்து பார்க்க முடியாதென்றால், எவ்வளவு சிறந்த பயிற்சியானாலும் அதை அடுத்த ஆண்டிற்குத் தள்ளி வைக்கலாம்.

சட்டம் தொடர்பான பயிற்சியில் எவற்றிற்கு முன்னுரிமை தர வேண்டும்?

குழந்தைகள் துறையில் உள்ளவர்களுக்கு வளர்ப்புப் பராமரிப்பு குறித்த மாற்றங்கள் முதலிடம் பெற வேண்டும். பெற்றோரை இழந்த பேரப்பிள்ளைகளை வளர்க்கும் ஆயாக்களும் தாத்தாக்களும் வளர்ப்புக் குழந்தை உதவித்தொகை பெறுவதற்காக நீதிமன்ற ஆணையை நாட வேண்டியிருந்தது. குழந்தைகள் சட்டத்தின் 159-ஆம் பிரிவின்படி அத்தகைய ஆணை பொதுவாக இரண்டு ஆண்டுகளில் காலாவதியாகும். புதுப்பிக்க வேண்டிய வழக்குகள் பணியாளர்களின் கைக்கு அடங்காமல் குவிந்ததால் ஆணைகள் காலாவதியாயின, உதவித்தொகைகள் நின்றன. 2011-இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் தலையிட்டு ஆணைகளின் காலத்தை நீட்டித்தது. அதன்பின்னரும் பலமுறை நீட்டிப்புத் தேவைப்பட்டது. இந்த முடிச்சை அவிழ்க்கும் நோக்கில்தான், உறவினர் பராமரிப்பிலுள்ள பெற்றோரற்ற குழந்தைகளுக்குக் குழந்தை ஆதரவு உதவித்தொகையுடன் கூடுதல் தொகை வழங்கும் ஏற்பாடு 2022-இல் தொடங்கியது; 2022-ஆம் ஆண்டின் 17-ஆம் எண் திருத்தச் சட்டமும் 2023 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இந்த வரலாற்றை அறியாத பணியாளர், உதவித்தொகைகளை வழங்கும் அரசு முகமையான சாசாவின் அலுவலகத்தில் நேராக விண்ணப்பித்து முடிக்கக் கூடிய ஒரு பாட்டியை, தேவையின்றி நீதிமன்ற வரிசையில் நிறுத்திவிடக் கூடும்.

குற்றச்சாட்டுக்கு உள்ளான குழந்தைகளுடன் பணிபுரிவோர், 2008-ஆம் ஆண்டின் குழந்தை நீதிச் சட்டத்திற்கு வந்த திருத்தத்தை அறிந்திருக்க வேண்டும். குற்றப் பொறுப்பு ஏற்கத் தகுந்த குறைந்தபட்ச வயது 10 என்றிருந்தது 12 ஆக உயர்த்தப்பட்டு, 2022 முதல் நடப்பில் உள்ளது. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 2021-ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அது முதியோரைத் துன்புறுத்துவதையும், கட்டுப்படுத்தி அடக்கும் நடத்தையையும் குடும்ப வன்முறையின் வரையறைக்குள் கொண்டுவந்தது. குழந்தைக்கோ முதியவருக்கோ உடல், மனக் குறைபாடு உள்ளவருக்கோ எதிராக அத்தகைய வன்முறை நடந்ததாக அறிந்தாலோ, தக்க காரணத்துடன் ஐயுற்றாலோ, வயதுவந்த எவரும் சமூகப் பணியாளரிடமோ காவல் துறையிடமோ தெரிவிக்க வேண்டும் என்ற கடமையையும் விதித்தது. மாமியாரின் ஓய்வூதிய அட்டையை மருமகன் தன் சட்டைப்பையில் வைத்திருப்பதை 'வீட்டு விஷயம்' என்று கடந்து செல்லும் காலம் இதனால் முடிவுக்கு வந்துவிட்டது.

முதியோர் துறையில் ஒரு நுணுக்கமும் உண்டு. 2006-ஆம் ஆண்டின் 13-ஆம் எண் முதியோர் சட்டம், ஆண் என்றால் 65 வயது நிரம்பியவரையும் பெண் என்றால் 60 வயது நிரம்பியவரையும் முதியவராக வரையறுக்கிறது. ஆனால் முதியோர் உதவித்தொகை பெறும் வயது இருபாலருக்கும் 60. இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுதப்பட்ட அறிக்கைகள் இன்றும் கண்ணில் படுகின்றன.

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாகச் செயல்படுத்தப்படுகிறது. வீட்டு வருகையின்போது எடுத்த குழந்தையின் படத்தை அலுவலக வாட்ஸ்அப் குழுவில் பகிரும் பழக்கம் உள்ளவர்கள், வேறெந்தப் பயிற்சிக்கும் முன்பாக இதற்குச் செல்வது நல்லது.

என்னிடம் வரும் முதியோர் சிலர் தமிழிலேயே பேச விரும்புகின்றனர். எனக்கு வீட்டுத் தமிழ்தான் வரும். இதற்கும் பயிற்சி தேவையா?

கட்டாயம் தேவை, பேசப்பட வேண்டிய அளவுக்கு இது பேசப்படுவதில்லை. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் வந்திறங்கிய முதல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் தொடங்கி, நடாலில் தமிழ் பேசுவோர் பெருந்தொகையாகவே இருந்துள்ளனர். இன்று இளையோர் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பேசினாலும், மூப்பு மறதிநோய் வந்த சிலர் பிற்காலத்தில் கற்ற ஆங்கிலத்தை மெல்ல இழந்து, சிறுவயது மொழிக்கே திரும்புகின்றனர். முதியோர் இல்லத்தில் உள்ள ஓர் ஆயா (பாட்டி) உணவை மறுப்பதையும் யாரையோ பெயர் சொல்லி அழைப்பதையும் 'கிளர்ச்சி நிலை' என்று ஆங்கிலத்தில் குறித்து வைப்பதற்கு முன், அவர் என்ன சொல்கிறார் என்று புரிந்துகொள்ள ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவராகப் பேத்தியை உட்கார வைப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. இதைவிட ஆபத்தான ஏற்பாடு அரிது. பணம் பறிப்பதோ அடிப்பதோ அந்த வீட்டிலேயே நடந்தால், பாட்டி பேத்தியின் முன் வாய் திறக்க மாட்டார். திறந்தாலும் பேத்தி முழுவதையும் மொழிபெயர்க்க மாட்டாள். மொழிபெயர்த்துவிட்டால் அன்றிரவு அந்த வீட்டில் அவளது நிலைமை என்ன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆகவே, மொழிபெயர்ப்பாளருடன் சேர்ந்து நேர்காணல் நடத்தும் முறை, தனித்த ஒரு திறமையாகக் கற்றுக்கொள்ளப்பட வேண்டும். மொழிபெயர்ப்பவரிடம் முன்கூட்டியே இரகசியக் காப்பு உறுதி பெறுவது, முதியவரின் முகத்தைப் பார்த்து அவரிடமே பேசுவது, குறுகிய வாக்கியங்களில் கேட்பது, சொன்னதைச் சொன்னபடி கேட்டு எழுதுவது ஆகியவை அதில் அடங்கும்.

தமிழ் தெரிந்த பணியாளருக்கும் இடர் உண்டு. 'ஆயா', 'தாத்தா' என்று உறவுமுறை சொல்லி அழைப்பது கதவைத் திறக்கும். அதே உறவு பின்னர், 'நீ நம்ம பிள்ளைதானே, இதை எழுதாதே' என்ற வேண்டுகோளாகவும் திரும்பி வரும். உறவுச்சொல்லை விடாமல், அறிவிக்கும் கடமையையும் விடாமல் பேசுவது எப்படி என்பதை வழக்காய்வுக் குழுவில் பாத்திரமேற்று நடித்துப் பார்த்தே கற்க முடியும். ஏட்டில் படித்து வராது.

1996-ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டம் தன் 6-ஆம் பிரிவில், தமிழ் உட்பட நாட்டின் சமூகங்கள் பேசும் மொழிகளை மதித்துப் பேண வேண்டும் என்று கூறுகிறது. தமிழில் ஒரு நேர்காணல் வழிகாட்டியை உங்கள் நிறுவனம் உருவாக்க முன்வந்தால், மேலிடத்தில் அனுமதி கேட்கும்போது இதை எடுத்துக்காட்டலாம்.

ஜூலு மொழி வகுப்பு எனது தொழிற்பயிற்சியில் சேருமா?

புள்ளி கிடைக்குமா என்பது அந்த வகுப்பிற்கு மன்றம் ஒப்புதல் அளித்ததா என்பதைப் பொறுத்தது. பயன் உண்டா என்று கேட்டால், குவாசுலு-நடாலில் பணிபுரியும் இந்திய வம்சாவளிப் பணியாளருக்கு இதைவிடப் பயனுள்ள பயிற்சி வேறில்லை என்றே சொல்லலாம். குவாசுலு-நடால் பல்கலைக்கழகம் 2014 முதல் இளநிலை மாணவர்களுக்கு ஜூலு பாடத்தைக் கட்டாயமாக்கியது. அதற்கு முன் பட்டம் பெற்றவர்களுக்குத்தான் இந்தக் குறை அதிகம். சாட்ஸ்வொர்த்தின் எல்லையைத் தாண்டி ஒரு தெரு நடந்தாலே நமது தமிழும் ஆங்கிலமும் போதாமற்போகும்.

மேற்பார்வையாளரிடம் மாதந்தோறும் பேசுவதே பயிற்சி ஆகாதா?

நல்ல மேற்பார்வை எந்தப் பட்டறையையும் விட ஆழமாகக் கற்பிக்கும். சமூக மேம்பாட்டுத் துறையும் மன்றமும் இணைந்து 2012-இல் வெளியிட்ட மேற்பார்வைக் கட்டமைப்பு, மேற்பார்வைக்கு நிர்வாகம், கல்வி, ஆதரவு ஆகிய மூன்று பணிகள் உண்டென்று கொள்கிறது. நடைமுறையில் முதலாவது மட்டுமே மிஞ்சுகிறது: எத்தனை அறிக்கைகள் நிலுவை, வண்டியின் பயணப் பதிவேடு எங்கே, மாதப் புள்ளிவிவரம் ஏன் வரவில்லை என்று கேட்பதுடன் நேரம் முடிந்துவிடுகிறது. இதற்கு மேற்பார்வையாளரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. அவருக்கும் மேலிருந்து அதே கேள்விகள்தான் வருகின்றன. ஆயினும் ஒரு வழக்கையேனும் அடிமுதல் முடிவரை பேசுவதற்கென்று ஒவ்வொரு அமர்விலும் நேரம் ஒதுக்குமாறு நீங்களே கேட்கலாம். கேட்டதையும் விவாதித்ததையும் குறித்து வையுங்கள்.

மூத்த பணியாளரைப் பதவி உயர்வு தந்து மேற்பார்வையாளராக்கும்போது, மேற்பார்வை செய்யும் முறையை அவருக்குத் தனியே கற்பிக்க வேண்டும். நல்ல களப்பணியாளர் தாமாகவே நல்ல மேற்பார்வையாளர் ஆகிவிடுவார் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை.

முதுகலைப் பட்டமா, சிறப்புத் துறைப் பதிவா?

தத்து வழங்கல், தடயவியல் சமூகப் பணி, நன்னடத்தைக் கண்காணிப்பு, தொழிலகச் சமூகப் பணி போன்றவற்றில் சிறப்புப் பதிவுக்கு மன்றம் வழி செய்துள்ளது. நீதிமன்றத்தில் நிபுணராகச் சாட்சி சொல்ல விரும்புவோருக்கு இது பொருந்தும். நான்காண்டு சமூகப் பணிப் பட்டம் தேசியத் தகுதிக் கட்டமைப்பின் 8-ஆம் நிலையில் இருப்பதால், அதிலிருந்து நேராக 9-ஆம் நிலையான முதுகலைக்கு விண்ணப்பிக்கலாம். ஆசிரியப் பணியிலோ கொள்கை வகுப்பிலோ ஆர்வமில்லாதவர், முதுகலைக்குச் செலவிடும் இரண்டு மூன்று ஆண்டுகளை யோசித்துச் செலவிடுவது நல்லது.

தமிழ்நாட்டில் எம்.எஸ்.டபிள்யூ. முடித்து, கணவருடன் டர்பனுக்கு வந்திருக்கிறேன். பயிற்சி வகுப்புகளில் சேர்ந்து பணியைத் தொடங்கலாமா?

வகுப்புகளில் சேரலாம், பணியைத் தொடங்க முடியாது. தமிழ்நாட்டில் பட்டத்தைக் காட்டி ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்துவிடும் வழக்கம் இங்கு செல்லாது. வெளிநாட்டுத் தகுதியைத் தென்னாப்பிரிக்கத் தகுதி ஆணையத்தில் மதிப்பீடு செய்து, அதன்பின் மன்றத்தில் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்; பணி அனுமதியுள்ள நுழைவிசைவு தனியான விஷயம். இளநிலையில் வணிகவியலோ இயற்பியலோ படித்து, முதுகலையில் மட்டும் சமூகப் பணி படித்தவர்களுக்கு இந்த மதிப்பீட்டில் சிக்கல் எழ வாய்ப்பு அதிகம், ஏனெனில் இங்கு அடிப்படைத் தகுதி சமூகப் பணியிலேயே பெறும் நான்காண்டுப் பட்டம். களப்பயிற்சி நேரங்களைக் காட்டும் சான்றுகளையும் பாடத்திட்ட விவரத்தையும் கல்லூரியிலிருந்து முத்திரையுடன் பெற்றுக்கொண்டு வருவது பல மாதத் தாமதத்தைத் தவிர்க்கும்.

காத்திருக்கும் காலத்தில் குழந்தைகள் சட்டத்தை வரிவிடாமல் படியுங்கள். நமது ஊர்ச் சட்டங்களின் நினைவு இங்கு உதவுவதை விடக் குழப்புவதே அதிகம்.

செலவை யார் ஏற்பது?

ஆண்டுச் சம்பளச் செலவு 5,00,000 ராண்டைத் தாண்டும் நிறுவனங்கள், 1999-ஆம் ஆண்டின் திறன் மேம்பாட்டுத் தீர்வைச் சட்டப்படி, சம்பளத் தொகையில் 1 விழுக்காட்டைத் தீர்வையாகச் செலுத்துகின்றன. சுகாதாரம், சமூகநலத் துறைகளுக்கான பயிற்சி ஆணையத்தின் வழியாக அதில் ஒரு பங்கு பயிற்சி மானியமாகத் திரும்பிவரும். சிறிய இல்லங்கள் பலவும், விலக்குப் பெற்ற அறநிறுவனங்களும் தீர்வை கட்டுவதில்லை. அவை ஆணையம் அவ்வப்போது அறிவிக்கும் விருப்புரிமை மானியங்களுக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பக் காலம் குறுகியது என்பதால், செயற்குழுவில் ஒருவரை இதற்கென்றே பொறுப்பாக்குங்கள்.

பணமே இல்லாத நிலையில், அருகருகே உள்ள மூன்று நான்கு நிறுவனங்கள் சேர்ந்து ஒரு பயிற்சியாளரை அழைத்து, கோயில் மண்டபத்திலோ சங்கக் கட்டடத்திலோ வகுப்பு நடத்தலாம். மண்டபத்துக்கு வாடகையில்லை, மதிய உணவைத் தொண்டர்கள் சமைத்துவிடுவார்கள். மிஞ்சுவது பயிற்சியாளரின் கட்டணமும் ஒப்புதல் கட்டணமுமே.

பட்டம் பெற்றும் வேலை கிடைக்கவில்லை. எனக்கும் இது பொருந்துமா?

அரசின் உதவித்தொகைத் திட்டத்தில் 2007 முதல் ஆயிரக்கணக்கானோர் சமூகப் பணி படித்தனர். அவர்கள் அனைவருக்கும் பணியிடம் உருவாக்கப்படவில்லை. வேலையின்றி இருப்பது உங்கள் திறமையின் அளவுகோலன்று. பதிவை இழந்துவிட்டால் நேர்காணல் அழைப்பு வரும் நாளில் கையில் ஒன்றுமில்லாமல் நிற்க நேரிடும் என்பதால், பதிவின் நிலை குறித்து மன்றத்துடன் எழுத்துமூலம் தொடர்பில் இருங்கள். கட்டணம் கட்ட இயலாத நிலையிலும் மௌனமாக இருந்துவிடாதீர்கள். தொண்டு நிறுவனத்தில் பதிவுபெற்ற பணியாளரின் மேற்பார்வையில் வாரம் ஒருநாள் பணிபுரிவது, வீட்டிலிருந்தபடி பார்க்கும் பல காணொளி வகுப்புகளை விட உங்கள் கையைப் பழக்கத்தில் வைத்திருக்கும்.

நான் சமூகப் பணியாளன் அல்லன். இல்லம் நடத்தும் சங்கத்தின் செயலாளர். எங்களுக்குப் பயிற்சி உண்டா?

டர்பனில் 1921-இல் தொடங்கப்பட்ட ஆரிய நல இல்லத்தைப் போல, நமது முன்னோர் அரசு கைவிட்ட காலத்திலேயே கைப்பொருள் திரட்டி இல்லங்களை எழுப்பினர். அந்த மரபின் பெருமையோடு, இன்றைய சட்டத்தின் பொறுப்பும் உங்கள் தலையில் உள்ளது. குழந்தைகளுடன் பணிபுரியும் ஊழியர், தொண்டர் ஆகியோரின் பெயர்கள் தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டில், குழந்தைகளுடன் பணிபுரியத் தகுதியற்றவர்களைப் பட்டியலிடும் 'பி' பகுதியில் உள்ளனவா என்று சரிபார்ப்பது உங்கள் கடமை. குழந்தைகள் சட்டத்தின் 110-ஆம் பிரிவு சமூகப் பணியாளரையும் ஆசிரியரையும் மட்டுமன்றி, சமயத் தலைவர்களையும் காப்பகத் தொண்டர்களையும் பெயர் சுட்டிச் சேர்த்துள்ளது. குழந்தை உடற்காயம் ஏற்படும்படி வதைக்கப்பட்டதாகவோ, பாலியல் வன்முறைக்கு உள்ளானதாகவோ, வேண்டுமென்றே புறக்கணிக்கப்பட்டதாகவோ தக்க காரணத்துடன் முடிவுக்கு வந்தால், அவர்கள் 22-ஆம் எண் படிவத்தில் அறிவித்தே ஆக வேண்டும். காவடித் திருநாளில் குழந்தை ஒன்று தன்னிடம் சொன்னதைப் பூசாரி பெற்றோரிடம் மட்டும் சொல்லி அனுப்பிவிட்டால், அது இரக்கம் போலத் தோன்றினாலும் சட்டமீறலாகும்.

ஆகவே உங்கள் சமூகப் பணியாளர் சென்றுவந்த பயிற்சியின் சாரத்தைச் செயற்குழுவின் முன்னும் ஒருமணி நேரம் பேசச் சொல்லுங்கள். அவர் கேட்கும் விடுப்பை மறுப்பதற்கு முன்பாகவும் இதை நினைவில் கொள்ளுங்கள்.

இணையவழி வகுப்புகள் போதுமா?

சட்டம், கொள்கை, ஆய்வு முடிவுகள் ஆகியவற்றிற்குப் போதும். நேர்காணல், குழந்தையுடன் பேசுதல், நெருக்கடித் தலையீடு ஆகியவற்றிற்குப் போதாது. போர்ட் ஷெப்ஸ்டோனிலோ குவாடுகுசாவிலோ இருந்து டர்பனுக்கு வர இயலாதவர்கள், ஒரே அறையில் சிலராகச் சேர்ந்து வகுப்பைப் பார்த்து, முடிந்ததும் தங்களுக்குள் பயிற்சி செய்வது இடைப்பட்ட வழி.

2021 ஜூலைக் கலவரம், 2022 ஏப்ரல் வெள்ளம் ஆகியவற்றிற்குப் பின் களைத்துப் போய்விட்டேன். களைப்பு நீங்கப் பயிற்சி உதவுமா?

பீனிக்ஸில் பணிபுரிந்தவர்கள், கலவர நாட்களில் தங்கள் சொந்தத் தெருவிற்கே அஞ்சியபடி, மறுநாள் இருபுறத்துக் குடும்பங்களையும் சந்திக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு வெள்ளம் 400-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது; வீடிழந்தோர் தங்கிய மண்டபங்களில் பணிபுரிந்தவர்களில் வீட்டில் தண்ணீரில்லாதவர்களும் இருந்தனர். இத்தகைய களைப்புக்கு 'சுயபராமரிப்பு' என்ற தலைப்பில் நடக்கும் அரைநாள் வகுப்பு மருந்தாகாது. மூச்சுப்பயிற்சி கற்றுக்கொடுத்துவிட்டு, அதே நூற்றுக்கணக்கான கோப்புகளிடம் திருப்பி அனுப்புவதில் பொருளில்லை. பேரிடர்க்கால உளவியல் முதலுதவி, துயர அதிர்ச்சி குறித்த முறையான பயிற்சி ஆகியவை உண்மையாகவே உதவும், ஏனெனில் செய்வதறியாத தவிப்பும் களைப்பில் ஒரு பங்கு. எஞ்சிய பங்கு வழக்குச் சுமை. அதைப் பயிற்சி அறையில் தீர்க்க முடியாது, நிர்வாகத்திடம்தான் கேட்க வேண்டும். உறக்கமின்மையோ அச்சமோ நீடித்தால் மருத்துவரைப் பார்ப்பதில் தயங்க வேண்டாம்.

சான்றிதழ்களை எப்படிப் பேணுவது?

ஒவ்வொரு வகுப்பிற்கும் சான்றிதழ், ஒப்புதல் எண், தேதி, நிகழ்ச்சி நிரல் ஆகியவற்றுடன், கற்றதை எந்த வகை வழக்கில் பயன்படுத்தினீர்கள் என்று அரைப்பக்கக் குறிப்பையும் சேர்த்து வையுங்கள். குறிப்பில் யாருடைய பெயரும் அடையாளமும் இருக்கக் கூடாது. தாள் கோப்பு ஒன்று, மின்பிரதி ஒன்று என இரண்டும் இருக்கட்டும். வேலை மாறும்போது பழைய அலுவலகத்தில் விட்டுவிட்டு வராதீர்கள். அந்தக் கோப்பு நிறுவனத்துடையதன்று, உங்களுடையது. மன்றம் கேட்கும்போது காட்ட வேண்டியவரும் நீங்களே.